மடை வளைவில் நிற்பவள்

கரிசல்மடை
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுந்தரி எழுதுவது. நானும் மதினியும் சுகம். உன் இருமல் நின்றதா? போன தடவை பாளையங்கோட்டைக்கு மனுப் போட்டுப் பார்க்க வந்தபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆளாளுக்குக் கத்தியதில் நீ சொன்னது பாதி காதில் விழவில்லை. போனில் பேசினால் கொடுக்கிற நிமிடங்கள் அழுவதிலேயே போய்விடுகின்றன. இனிமேல் எழுதுகிறேன். உங்கள் ஜெயில் ஆபீசில் படித்துவிட்டுத்தான் தருவார்கள். படிக்கட்டும்.

ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். கூடுகிற இடம் நிழற்குடை. பஸ் நிற்காத ஊரில் அது வேறு எதற்கும் ஆகாது. முதல் கூட்டம் சண்டையில் முடியப் பார்த்தது. ஒருத்திக்குச் சுடுகாட்டுப் பாதை, ஒருத்திக்கு உப்புத்தண்ணீர், ஒருத்திக்குச் சாராயக் கடை. சங்கரன்கோவில் நைட்டி யூனிட்டில் என்னோடு துணி வெட்டுகிற ஆமினாள் அக்காவைக் கூட்டிவந்திருந்தேன். கடையநல்லூரில் தன் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வாங்கிக் கொடுத்தவள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டா ஒண்ணும் கிடைக்காது. ஒண்ணை எடுங்க. அது நடக்கணும்னா யாரு ஒருத்தர் கையெழுத்துப் போடணும்? அந்த ஆளைக் கைநீட்டிக் காட்டத் தெரியலைன்னா அதை இப்பத் தொடாதீங்க" என்றாள்.

"சுடுகாட்டுப் பாதைக்கு?"

"பட்டா நிலம். கோர்ட்டு, கேசு. நம்ம பேத்தி காலத்துல முடியும்."

"குவாரிக்கு?"

பெட்டிக்கடை பேச்சித்தாய் சித்திதான், "குவாரிக்குக் கையெழுத்துப் போடுதவன் வீடு கட்டினதே அந்த ஜல்லியிலதான்ட்டி" என்றாள். சிரித்தோம்.

பிறகு அவளே சொன்னாள், மடை வளைவில் ஒரு வேகத்தடை கேட்போம் என்று. நம் முத்துப்பேச்சி செத்த இடம். அண்ணன் மகளுக்காகத்தான் இவள் குழு சேர்க்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று நான் அதுவரை அந்த இடத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு மேடு. ஒரு லோடு தார். இது முடியும் அண்ணே.

மதினி வேளைக்குச் சாப்பிடுகிறாள். வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை,
சண்முகசுந்தரி

*

பாளையங்கோட்டை
24.2.2025

அன்புத் தங்கச்சி சுந்தரிக்கு,

உன் அண்ணன் இசக்கித்துரை எழுதிக்கொண்டது. இருமல் தேவலை. நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே.

கடிதம் படித்தேன். கோபம் வந்தது, அதனால் பதில் எழுத நாளாயிற்று. வேகத்தடையா? என் பிள்ளையை அடித்தது ரோடு இல்லை. குவாரி லாரி. ஒரு நடைக்கு இவ்வளவு என்று டிரைவரை விரட்டுகிறவன் குவாரிக்காரன். அவனை விட்டுவிட்டு ரோட்டில் ஒரு மேடு கேட்கிறாய். லாரி குலுங்கிக் குலுங்கிப் போகும். அவ்வளவுதான். குவாரியை மூடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தைரியம் இல்லையென்றால் வீட்டில் இருங்கள்.

இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. விடியுமுன் லாரி பிரேக் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்தில் படுத்திருக்கிற ஞானதுரை முன்னால் லாரி ஓட்டினவன். "அது காலி வண்டி அண்ணாச்சி, லோடு வண்டின்னா சத்தம் வேற, தூங்குங்க" என்கிறான். கண்ணை மூடினால் என் கல் பட்ட அந்த டிரைவர் வருகிறான். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "அது நான் ஓட்டுன வண்டி இல்லையே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்கிறான். கோபப்படுவதில்லை. பட்டால் நன்றாக இருக்கும்.

உன் மதினி செல்வி ஏன் ஒரு வரி எழுதவில்லை? எட்டாவது படித்தவள்தானே. ஒரு வரி போதும்.

ஆசியுடன்,
இசக்கித்துரை

*

கரிசல்மடை
16.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு யாவரும் நலம். நீ நலமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், மற்றது உனக்குப் பிடிக்காது.

குவாரியை மூடச் சொல்லி நீ ரோட்டில் உட்கார்ந்தாய். ஊரே பின்னால் உட்கார்ந்தது. என்ன நடந்தது? முத்துப்பேச்சியை அடித்த டிரைவர் அன்று சாயங்காலமே ஜாமீனில் போனான். நீ அடுத்து வந்த லாரியின் கண்ணாடியில் கல்லைப் போட்டாய். கண் போனது சம்பந்தமில்லாத ஒருவனுக்கு. நீ உள்ளே. குவாரி மறுநாள் காலையிலேயே ஓடியது. ஊர் ஆண்கள் கேசுக்குப் பயந்து இன்றுவரை கூட்டம் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். பெரிய காரியத்தை எடுத்துத் தோற்ற ஊரில் சின்னக் காரியத்துக்கு ஆள் சேர்க்க எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. தைரியம் இல்லை என்று எழுதாதே.

ரோட்டு ஆபீசுக்குப் போனோம். கையெழுத்துப் போடவேண்டிய ஆள் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். மனுவைப் படித்தார்.

"அந்த இடத்துல எத்தனை இறப்பு?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதானா?" என்றார். கேலியாக இல்லை, கணக்காகக் கேட்டார். விபத்துப் பகுதி என்று அறிவிக்க அது போதாதாம். அறிவித்தால்தான் கமிட்டி, கமிட்டி பார்த்தால்தான் வேகத்தடை. பேச்சித்தாய் சித்தி எழுந்து, "எத்தனை வேணும்னு சொல்லுங்க சார், ஊர்ல கேட்டுட்டு வாரோம்" என்றாள். அவர் ரசீதுப் புத்தகத்தை இழுத்தார். மனுவுக்கு ரசீது கொடுத்தார்.

திரும்பி வந்து நிழற்குடையில் உட்கார்ந்தோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "இவனுவ போலீசுக்குப் பயப்பட மாட்டானுவ, கலெக்டருக்குப் பயப்பட மாட்டானுவ" என்றாள் சித்தி. "ஆனா பாரு, சுடலை கோயிலைத் தாண்டும்போது மட்டும் பிரேக்குல கால் வச்சுக் கன்னத்துல போட்டுக்கிடுதானுவ." எல்லோரும் சிரித்தோம். ஆமினாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கையெழுத்து வேண்டாத காரியமா ஒண்ணு சொல்லுத" என்றாள்.

அதற்கு மேல் பேசியதை எழுதவில்லை.

உன் தங்கை,
சண்முகசுந்தரி

*

பாளையங்கோட்டை
2.4.2025

தங்கச்சி சுந்தரிக்கு,

சுகம். நீ கோபமாக எழுதியது நியாயம்தான், போகட்டும்.

அதற்கு மேல் என்ன பேசினீர்கள்? செல்வியைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. 'யாவரும் நலம்' என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் இப்போது இருப்பதே இரண்டு பேர்.

இசக்கித்துரை

*

கரிசல்மடை
11.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் கொடுமையாக இருக்கிறது. அங்கே தண்ணீர் தருகிறார்களா? நான் நலம். மதினியும் அப்படியே. பதில் தாமதமானதற்கு யூனிட்டில் கோடை ஆர்டர் காரணம்.

வளைவில் இப்போது லாரிகள் மெதுவாகப் போகின்றன. நிஜமாகவே. நீ இருந்து பார்க்கவேண்டும். டாப் கியரில் வந்த வண்டி புளியமரத்தைத் தாண்டியதும் ஊர்கிறது.

டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு. மடை வளைவில் பொழுது சாய்கிற நேரம் ஒரு பிள்ளை நிற்கிறதாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம், முதுகில் பை. லாரியைப் பார்த்தால் கை காட்டுமாம். நிற்காமல் போனவனுக்கு அடுத்த மைல்கல்லுக்குள் டயர் வெடிக்குமாம். பேச்சித்தாய் சித்தி கடையில் டீ குடிக்கிற டிரைவர்களிடம் இந்தப் பேச்சு முதலில் வந்தது. இப்போது பனவடலிசத்திரம் தாண்டி ராயகிரி வரை போய்விட்டது. வயதுக்கு வராமல் செத்த பிள்ளை என்றால் கன்னி, கன்னி கேட்டதைக் கொடுத்துவிடவேண்டும் என்று பெரியவர்கள் யாரோ சொல்ல, வளைவில் ஒரு கல்லும் நட்டாகிவிட்டது. கல்லுக்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை கட்டியிருக்கிறது. மதினிதான் தைத்தாள். வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழமும் காசும் வைக்கிறவர்களும் உண்டு.

ஒன்று சொல்கிறேன் அண்ணே. உயிரோடு ரோட்டைக் கடந்த பிள்ளைக்கு ஒருத்தனும் பிரேக் போடவில்லை. செத்தவளுக்கு வரிசையாகப் போடுகிறார்கள். இந்த நாட்டில் மனுக் கொடுக்கிறவள் முட்டாள்.

சுந்தரி

*

பாளையங்கோட்டை
20.5.2025

அன்புத் தங்கச்சி சுந்தரிக்கு,

நீ எழுதுமுன்பே எனக்குச் செய்தி வந்துவிட்டது. ஞானதுரையைப் பார்க்க வந்த அவன் மச்சான் சொல்லியிருக்கிறான். அவனும் லாரிக்காரன். நேரில் பார்த்தவன். ஞானதுரை என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க ஊரு வளைவுல ஒரு பிள்ளை நிக்காம்" என்றான்.

சுந்தரி, அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள்? மடைப் பக்கமா, புளியமரத்துப் பக்கமா? மடைப் பக்கம் என்றால் வீட்டுக்கு வருகிற வழி. முகம் எப்படி இருக்கிறதாம்? அடி தெரிகிறதா? யாரையாவது கேட்கிறாளா? எங்கப்பா எங்கே என்று எதுவும்?

செல்வி பார்த்தாளா? நீ பார்த்தாயா? நீ தினமும் அந்த வழியாகத்தானே பஸ்ஸுக்கு நடக்கிறாய். மறைக்காமல் எழுது. நான் தாங்குவேன். இரண்டு நாளாக லாரி சத்தம் கேட்டாலும் எழுந்து உட்காரவில்லை. அவள் தனியாக எங்கோ போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். ஊரிலேயே இருக்கிறாள் என்றால் அது ஒரு மாதிரி இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
இசக்கித்துரை

*

கரிசல்மடை
29.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் பார்க்கவில்லை. டிரைவர்கள் சொல்வதுதான். மடைப் பக்கம் நிற்கிறாளாம். பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை. அடி எதுவும் இல்லையாம், முகம் தெளிவாக இருக்கிறதாம். யாரையும் கேட்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்காதே அண்ணே.

இப்போது நிற்காமல் போகிற வண்டிகள்கூட ஓட்டத்திலேயே சில்லறையை வீசிவிட்டுப் போகின்றன. கல்லைச் சுற்றி ரோட்டில் காசு உருள்கிறது.

போன வாரம் குவாரியின் மேனேஜர் காரில் வந்தான். சங்கரபாண்டியன் என்று பெயர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். கல்லின் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். "ஓனர் ரொம்ப வருத்தப்படுதாரு. பிள்ளைக்கு ஒரு நல்ல பீடம், டைல்ஸ் போட்டு, மேல தகரக்கொட்டகை, வருஷாவருஷம் கொடை விழா. எல்லாம் எங்க உபயம். நீங்க அந்த வேகத்தடை மனுவை மட்டும் வாபஸ் வாங்கிருங்க" என்றான். ஒரு லோடு தாருக்கு வழியில்லாதவர்கள் கோயில் கட்டுகிறார்கள். நான் வாய் திறக்குமுன் மதினி எங்கிருந்தோ வந்து நின்றாள்.

"அவளுக்கு வீடு இருக்கு. நீங்க போங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேசினாள். அவன் கும்பிட்டுக்கொண்டே காருக்குப் போனான். ஊர்க்காரர்கள் சிலருக்கு எங்கள் மேல் கோபம். டைல்ஸ் போச்சே என்று.

இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்.

சுந்தரி

*

பாளையங்கோட்டை
14.7.2025

சுந்தரிக்கு,

சுகம்.

பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை என்று எழுதியிருக்கிறாய். அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. அவள் ஊதா டாப்ஸ் போட்டிருந்தாள். உன் பழைய சுடிதாரைப் பிரித்து நீ அவளுக்குத் தைத்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் அதை ஒரு கவரில் போட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். உனக்கு மறந்திருக்காது. தைத்தவள் நீ.

நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் எதுவும் சொல்லவேண்டாம். லாரி மெதுவாகப் போகிறது, அது நல்லது. இங்கே ஞானதுரை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொல்கிறான். கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். நானும் ஒரு நாள், அவள் சிரித்தால் ஒரு பல் மேல் ஒரு பல் ஏறியிருக்கும் என்று அவனிடம் சொன்னேன். இனி அதுவும் ராயகிரி வரை போகும்.

ஆனால் செல்வி. 'எங்கிருந்தோ வந்து நின்றாள்' என்றால் என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தாள்? ஒவ்வொரு கடிதத்திலும் அவளை ஒரு வரியில் தாண்டிப் போகிறாய், அந்த லாரிகள் மாதிரி. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் அவளைப் பற்றி மட்டும் எழுது.

இசக்கித்துரை

*

கரிசல்மடை
17.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். மதினிக்கு இடது முழங்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பயப்படாமல் படி.

கல் நட்ட நாளிலிருந்து மதினி தினமும் பொழுது சாய மடை வளைவுக்குப் போகிறாள். இருட்டும் வரை கல்லின் பக்கத்தில் நிற்கிறாள். மழை வந்தாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். முத்துப்பேச்சியை எதிர்பார்த்து நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பேச்சை யார் கிளப்பியது என்று உனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் பிள்ளை இரண்டாம் தடவை சாகும். சொல்லாவிட்டால் அவள் அங்கேயே நிற்பாள். சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, தூங்குவதற்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். உனக்கு எழுதக் கை வரவில்லை.

ஊதா டாப்ஸ் எனக்கு மறக்கவில்லை அண்ணே. அதைச் சொல்ல முடியவில்லை. அது அவளுடையது. யூனிஃபார்ம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் பொது.

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் நிரம்பி வழிந்ததால் பஸ், வேன் எல்லாம் நம் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். அன்று மட்டும் நம் ஊரிலும் பஸ் நின்றது, நான் வேலை விட்டு நிழற்குடையில் இறங்கினேன். ஒரு லாரி சில்லறையை வீசிவிட்டு நகர்ந்தது. அதைப் பொறுக்கக் கருத்தப்பாண்டியின் மகள் சுபாஷினி ரோட்டுக்குள் ஓடினாள். ஏழு வயது. பின்னால் வந்தது வெளியூர் வேன். அவனுக்குக் கன்னியும் தெரியாது, கல்லும் தெரியாது. லாரியை முந்திக்கொண்டு வந்தான். மதினி குறுக்கே பாய்ந்தாள். "ஏட்டி முத்து!" என்று கூப்பிட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு மடைச்சுவரில் விழுந்தாள். வேன் நிற்காமல் போய்விட்டது.

பிள்ளைக்குச் சிராய்ப்புதான். ஆனால் மதினி அவளை விடவில்லை. நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்று, விரலைப் பிரித்துப் பிள்ளையை வாங்கினோம்.

காசு வீசினால் பிள்ளைகள் பொறுக்க வரும் என்று நாங்கள் ஒருத்திகூட யோசிக்கவில்லை. சாமிக்குப் போட்ட காசைத் தொட்டால் கண் போகும் என்று சொல்லி வளர்த்தோமே, தொடமாட்டார்கள் என்று இருந்துவிட்டோம். நம் பிள்ளைகள் அதை நம்பவில்லை. நாங்கள் கட்டிய கதையால் இன்னொரு வீட்டில் பாடை கட்டியிருப்பார்கள்.

மதினியிடம் உண்மையை யார் சொல்வது? நீ சொல்.

சுந்தரி

*

பாளையங்கோட்டை
26.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

செல்வி கையை ஆட்டாமல் பார்த்துக்கொள். எலும்பு சேர பாயா வைத்துக் கொடு.

இதோடு அவளுக்கு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. சொல்லவேண்டியதை அதில் சொல்லிவிட்டேன். அவள் அழுதால் பக்கத்தில் இரு, பேசாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எடுத்த காரியத்தில் ஒருவனுக்குக் கண் போனது. நீ எடுத்த காரியத்தில் ஒன்றும் போகவில்லை, மயிரிழையில். அந்த மயிரிழையை நினைத்துக்கொண்டே இரு.

அண்ணன்
இசக்கித்துரை

*

கரிசல்மடை
14.9.2025

முத்துப்பேச்சி அப்பாவுக்கு,

இசக்கிச்செல்வி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குக் கை தேவலை. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் அவள் பெயரைத்தான் எழுதவேண்டும். அதற்கு மேல் பேனா போகவில்லை.

நீங்கள் கொடுத்த தாளை நானே படித்தேன். அங்கே யாரும் நிற்கவில்லை, எல்லாம் இவர்கள் கட்டின பேச்சு, மனசைத் திடப்படுத்திக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முதலிலேயே தெரியும். பேச்சித்தாய் சித்தி முதல் டிரைவரிடம் கண்ணை உருட்டி உருட்டி அதைச் சொன்னபோது நான் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. பாவாடை தைக்கக் கேட்டார்கள், தைத்தேன். கல்லின் அளவுக்குத்தான் தைத்தேன்.

நான் வளைவில் போய் நின்றது பிள்ளைகளுக்காக. கல் நட்ட மறுநாளே இரண்டு பயல்கள் ரோட்டில் காசு பொறுக்குவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் போய் நின்றேன், கொஞ்ச நாள் கழித்து சுந்தரியிடம் சொல்ல ஆரம்பித்தேன். "வளைவுல பிள்ளைய..." என்றதுமே அவள் என் தலையைத் தடவி, "மாத்திரை போட்டாச்சா மதினி?" என்றாள். அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? பைத்தியம் என்று முடிவு பண்ணிவிட்டால் பிறகு நாம் எது சொன்னாலும் பைத்தியம்தான். நானே நின்று விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையையும் போடவில்லை, போட்டால் சாயங்காலமே கண் சொருகும்.

உங்கள் தாளைப் படித்துவிட்டு நான் அழுவேன் என்று சுந்தரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள்தான் அழுதாள்.

மறுபடி குழு கூடியது. இந்தத் தடவை நானும் போனேன். எதை எடுப்பது என்று மறுபடி சண்டை. நான் சொன்னேன், பள்ளிக்கூடம் போகிற நேரமும் விடுகிற நேரமும் வளைவுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருத்தி சிவப்புத் துணியோடு நிற்போம், பொழுது சாயவும் நிற்போம், முறை வைத்துக்கொள்வோம். யாருடைய கையெழுத்தும் வேண்டாம். பேச்சித்தாய் சித்தி, "வேகத்தடைக்கு மனு எழுதிக் கை ஓஞ்சு போச்சு, வேகத்தடை இங்கன வீட்டுக்குள்ளயே இருந்திருக்குல்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கல்லையும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். காசு விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்கவில்லை. ரோட்டு ஆபீசுக்கு மாதாமாதம் போவது என்று பேசியிருக்கிறோம். குவாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சுந்தரியிடம் சொல்லவில்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

சுபாஷினியை இழுக்கும்போது அவள் கருத்தப்பாண்டி மகள் என்று தெரிந்துதான் ஓடினேன். முத்து என்று வாயில் வந்தது பழக்கம். ஆனால் மடைச்சுவரில் விழுந்து, அந்த வேன் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும், என் கையில் இருந்தது நம் பிள்ளை. கழுத்து வியர்வை, தலையில் புழுதி, நெஞ்சு அடிக்கிற வேகம், எல்லாம் அவள்தான். ஆஸ்பத்திரியில் என்னை அவளைத் தூக்க விடவில்லை, உங்களுக்குத் தெரியும். அதனால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க பெரியம்மா, மூச்சு முட்டுது" என்றாள்.

விடவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. விரலைப் பிரித்துத்தான் பிள்ளையை வாங்கினோம் என்று சுந்தரி எழுதியிருப்பாள். அப்படி இல்லை. அவர்கள் கை வைக்குமுன் நானே விட்டுவிட்டேன். அவள் அவங்க அம்மாவிடம் ஓடினாள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இசக்கிச்செல்வி